விளையாட்டுப் பந்தய நிறுவனத்தில் டேட்டா சயின்டிஸ்ட் வேலை எப்படி இருக்கும்? யார் ஜெயிப்பார்கள் என்று உங்களுக்கு முன்பே தெரிந்துவிடுமா?

தெரியாது. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு பந்தய நிறுவனத்தின் கிரிக்கெட் பிரிவில் இருக்கிறேன். ஊர் மதுரைப் பக்கம், குடியிருப்பது சாட்ஸ்வொர்த்தில். ஜூன் பிறந்தால் போதும், பக்கத்து வீட்டு ஆன்ட்டி, "தம்பி, ஜூலைக்கு எந்தக் குதிரை?" என்று ஆரம்பித்துவிடுவார். கிரேவில் மைதானத்தில் 1897-லிருந்து நடக்கும் டர்பன் ஜூலை ரேஸைத்தான் கேட்கிறார். அது ஹேண்டிகேப் ரேஸ். நன்றாக ஓடும் குதிரைக்கு அதிக எடை ஏற்றி, எல்லாக் குதிரைக்கும் வாய்ப்பைச் சமமாக்கப் பார்ப்பார்கள். கணிக்க முடியாதபடி அமைத்த ஒன்றை என்னைக் கணிக்கச் சொல்கிறார்! எனக்கும் குதிரைக்கும் சம்பந்தமில்லை என்றாலும் நம்ப மாட்டார். ரகசியத்தை ஒளிக்கிறேனாம்.

எங்கள் வேலை ஜெயிப்பவரைச் சொல்வது அல்ல, விலை போடுவது. விலை என்றால், ஜெயித்தால் கட்டிய பணம் எத்தனை மடங்காகத் திரும்பும் என்ற எண். ஓர் அணிக்கு 60 சதவீத வாய்ப்பு என்று மாடல் (எங்கள் கணினிக் கணிப்பு) சொன்ன ஆட்டங்களை எல்லாம் சேர்த்துப் பார்த்தால், நூற்றுக்கு அறுபது வாக்கில் அந்த அணி ஜெயித்திருக்க வேண்டும். எண்பதில் ஜெயித்திருந்தாலும் மாடல் தப்புதான். இதை அளக்க நாங்கள் பயன்படுத்தும் பிரையர் ஸ்கோர், வானிலை அறிவிப்புகளைச் சோதிக்க 1950-ல் வந்த சூத்திரம்.

விலையில் நிறுவனத்தின் பங்கு ஒளிந்திருக்கும். இரண்டு அணியும் சமம் என்றால் நியாயமான விலை 2.00. பலகையில் இரண்டுக்கும் 1.90 என்றுதான் போடுவோம். அந்த விலையில் கட்டுகிறவர் நூற்றுக்கு 52.6-க்கு மேல் ஜெயித்தால்தான் கைக்காசு மிஞ்சும். ஒருவர் 1000 பந்தயம் கட்டி 55 சதவீதம் ஜெயித்திருக்கிறார் என்று வையுங்கள். அதிலும் மூன்று சதவீதம் வரை அதிர்ஷ்டமாக இருக்கலாம். திறமையா, தற்செயலா என்று ஆயிரத்திலும் அடித்துச் சொல்ல முடியாது. தென்னாப்பிரிக்காவின் டி20 தொடரான எஸ்ஏ20 லீக்கில் ஆறு அணிகள், லீக் சுற்றில் மொத்தமே 30 ஆட்டங்கள். அதை மட்டும் வைத்து மாடல் கட்டினேன் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். நாங்கள் ஆட்டத்தைப் பந்து பந்தாக உடைத்துத்தான் கணக்குப் போடுகிறோம்.

டர்பனின் கிரிக்கெட் மைதானமான கிங்ஸ்மீடில், கடல் ஓதம் ஏறினால் பந்து அதிகம் ஸ்விங் ஆகும் என்பது இந்த ஊர்ப் பெரியவர்களின் நம்பிக்கை. ஓத அட்டவணையையும் மாடலில் சேர்த்துப் பார்த்தோம். ஒன்றும் தேறவில்லை. இதை டீக்கடையில் சொன்னால் என்னை மனிதனாக மதிக்க மாட்டார்கள்.

நேரடி ஆட்டத்தில்தான் உண்மையான பாடு. டிவி ஒளிபரப்பு சில நொடிகள் பின்தங்கி வரும். மைதானத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு விக்கெட் விழுந்தது நமக்கு முன்பே தெரிந்துவிடும். அந்த இடைவெளியில் பழைய விலைக்குப் பணம் கட்டிவிடுவார். ஆகவே விக்கெட் விழுந்தாலோ ரிவியூ கேட்டாலோ சந்தையை மூடி (பந்தயம் வாங்குவதை நிறுத்தி), புது விலை போட்டுத்தான் திறப்போம். மாடல் எவ்வளவு புத்திசாலி என்பதைவிட எவ்வளவு வேகம் என்பதே அங்கே பேச்சு.

புதிதாகச் சேருபவர்களுக்கு நான் சொல்லும் கதை 2003 உலகக் கோப்பையில் இதே கிங்ஸ்மீடில் நடந்தது. இலங்கை 268. தென்னாப்பிரிக்கா துரத்தும்போது மழை. முரளிதரன் பந்தில் தென்னாப்பிரிக்காவின் பௌச்சர் சிக்ஸர் அடிக்க, 45-வது ஓவரில் ஸ்கோர் 229. அதுவே போதும் என்று நினைத்து அந்த ஓவரின் கடைசிப் பந்தைத் தடுத்து ஆடினார். அதோடு மழையால் ஆட்டம் நின்றது. மழை ஆட்டத்தில் இலக்கை மாற்றும் டக்வொர்த் லூயிஸ் கணக்கில் 229 சமன் எண், ஜெயிக்க 230 வேண்டும். ஆட்டம் டை, போட்டியை நடத்திய நாடே வெளியே. கணக்கு சரியாகத்தான் இருந்தது. அந்த எண் எதைக் குறிக்கிறது என்பது களத்தில் நின்றவருக்குப் போய்ச் சேரவில்லை. விலையைப் பலகையில் ஏற்றும் எங்கள் டிரேடர்களுக்கும் எண்ணை மட்டும் அனுப்பினால் இதே கதிதான். அதனால் என் நேரத்தில் பாதி, எழுதுவதிலும் விளக்குவதிலும் போகிறது.

எனக்குப் பிடிக்காத பகுதியும் உண்டு. தொடர்ந்து ஜெயிப்பவரைக் கண்டுபிடித்து அவர் கட்டும் தொகைக்கு வரம்பு போடுவது இந்தத் தொழிலில் சகஜம். தோற்றுக்கொண்டே இருப்பவருக்கோ இலவசப் பந்தயம் தேடி வரும். இரண்டு பட்டியலையும் தயாரிப்பது எங்களைப் போன்றவர்களின் மாடல்தான். சூதாட்டப் பழக்கம் முற்றுகிறவரை முன்கூட்டியே கண்டுபிடிக்கவும் அதே தரவு போதும். அதற்கு ஆள் ஒதுக்கச் சொல்லி ஒவ்வொரு முறையும் சண்டை போட வேண்டியிருக்கிறது.

இந்தியாவிலிருந்து கேட்பவர்களுக்கு: அங்கே 2025 சட்டம் ஆன்லைன் பண விளையாட்டுகளைத் தடை செய்துவிட்டது. இங்கே உரிமம் பெற்ற நிறுவனங்கள் விளையாட்டுப் பந்தயம் நடத்தச் சட்டம் இடம் தருகிறது. வேலைக்கு முயல்வதானால் கிரிக்‌ஷீட் தளத்தில் பந்து வாரியான தரவு இலவசமாகக் கிடைக்கிறது. அதில் சொந்தமாக ஒரு மாடல் கட்டி, ஆட்டம் தொடங்குவதற்குச் சற்று முன் சந்தையில் இருந்த விலையோடு ஒப்பிடுங்கள். பெரும்பாலும் சந்தைதான் ஜெயிக்கும். எங்கே, ஏன் ஜெயித்தது என்று இரண்டு பக்கம் எழுதி நேர்காணலுக்கு எடுத்து வாருங்கள். 90 சதவீதத் துல்லியம் என்று ரெஸ்யூமில் போட்டு வருகிறவரைவிட உங்களிடம்தான் நாங்கள் அதிக நேரம் பேசுவோம்.