தண்ணீரில் ஓடும் கார்: கிட் வாங்கலாமா, காரைப் படகாக்கலாமா?

கேள்வி: ஏரிக்குள் இறங்கி மறுகரையில் ஏறும் கார் ஒன்றின் வீடியோவைப் பார்த்தேன். 'தண்ணீரில் ஓடும் கார்' என்று தலைப்பு. அதன் கீழேயே, தண்ணீரை எரிபொருளாக்கும் கிட் விற்பனைக்கு என்று ஒரு விளம்பரம். என்னிடம் பழைய பெட்ரோல் கார் இருக்கிறது. அந்தக் கிட்டைப் பொருத்தினால் பெட்ரோல் செலவு குறையுமா? அடிப்பாகத்தை நன்றாக அடைத்துவிட்டு, அதே காரைப் படகு போல ஓட்ட முடியுமா?

பதில்: கிட்டுக்குப் பணம் கட்டாதீர்கள். காரைத் தண்ணீரில் இறக்கவும் வேண்டாம். காரணங்கள் வேறு வேறு என்பதால் தனித்தனியாகச் சொல்கிறேன்.

குழப்பம் அந்தத் தலைப்பிலேயே தொடங்குகிறது. படகு தண்ணீரில் ஓடுகிறது, கார் பெட்ரோலில் ஓடுகிறது என்று ஒரே மாதிரிதான் சொல்கிறோம். ஆனால் முன்னது இடம், பின்னது தீனி. நீங்கள் வீடியோவில் பார்த்தது முன்னது. அந்தக் காரைத் தண்ணீர் தாங்குகிறது, அவ்வளவுதான். தள்ளுவது வழக்கமான எஞ்சின்.

தண்ணீர் தீனியாக முடியாது. அது ஏற்கெனவே எரிந்து முடிந்த பொருள். ஹைட்ரஜன் எரிந்தால் மிஞ்சும் சாம்பல் என்றே வைத்துக்கொள்ளலாம். அதைத் திரும்ப ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமாகப் பிரிக்கலாம், ஆனால் எரிந்தபோது வந்த ஆற்றல் முழுவதையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். 9 கிலோ தண்ணீரிலிருந்து 1 கிலோ ஹைட்ரஜன் எடுக்கக் குறைந்தது 39 யூனிட் மின்சாரம் வேண்டும். நடைமுறையில் இருக்கும் இயந்திரங்கள் 50 யூனிட்டுக்கு மேல் இழுக்கின்றன.

இனி அந்தக் கிட்டைத் திறந்து பார்ப்போம். ஒரு ஜாடி, அதற்குள் வரிசையாக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடுகள், காஸ்டிக் சோடா போன்ற காரம் கலந்த தண்ணீர், பேட்டரியிலிருந்து இரண்டு ஒயர், எஞ்சினின் காற்றுக் குழாய்க்குப் போகும் ஒரு ரப்பர் டியூப். சுவிட்சைப் போட்டதும் குமிழ் குமிழாக வாயு கிளம்பும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும், குமிழ்களும் நிஜம்தான். நிமிடத்துக்கு ஒரு லிட்டர் வாயு வர, தகடுகளை ஆறு அறைகளாகச் சரியாக அமைத்திருந்தாலும் 12 வோல்ட்டில் சுமார் 15 ஆம்பியர், அதாவது 180 வாட் செலவாகும். அந்த வாயு எரிந்து தரும் வெப்பம் சுமார் 130 வாட். சரி, அந்த 180 வாட் எங்கிருந்து வந்தது? காரில் மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரிலிருந்து. ஆல்டர்னேட்டரைச் சுற்றுவது எஞ்சின். எஞ்சின் பெட்ரோலின் வெப்பத்தில் கால்பங்கைத்தான் சுழற்சியாக்கும். ஆல்டர்னேட்டர் அதில் பாதிக்குச் சற்று மேல் மின்சாரமாக்கும். கணக்குப் போட்டால், 130 வாட் வாயுவுக்காக 1,300 வாட் பெட்ரோல் எரிகிறது. பத்து கொடுத்து ஒன்று வாங்குகிறோம்.

அப்படியானால் மைலேஜ் கூடியது என்று சிலர் சொல்வது பொய்யா? பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. கிட் மாட்டியவர் அதைச் சோதிக்கும் ஆர்வத்தில் ஆக்சிலேட்டரை மெதுவாக மிதிப்பார். கிட் மாட்டும்போதே ஏர் ஃபில்டரையும் பிளக்கையும் மாற்றியிருப்பார். மைலேஜ் அதனாலேயே கூடும். இன்னொரு வகைதான் எனக்குக் கவலை தருவது. சில கிட்டுகளில், எஞ்சின் புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாரை ஏமாற்றும் சின்ன மின்பெட்டி ஒன்றும் வரும். அது எஞ்சினுக்குப் போகும் பெட்ரோலைக் குறைத்துவிடும். அளவு மீறிக் குறைந்தால் எஞ்சின் தட்டும், வால்வும் பிஸ்டனும் சூடேறிக் கெடும். ஜாடியில் உருவாகும் கலப்பு வாயுவோ சின்னத் தீப்பொறிக்கே வெடிக்கக்கூடியது.

இந்த ஆசைக்குப் பணம் போட்டு ஏமாந்தவர்கள் நிறையப் பேர். அமெரிக்காவின் ஒஹையோவில் ஸ்டான்லி மேயர் என்பவர் தண்ணீரில் ஓடும் வண்டி என்று ஒன்றைக் காட்டி முதலீடு வாங்கினார். 1996இல் நீதிமன்றம் நிபுணர்களைக் கொண்டு அவருடைய சாதனத்தைச் சோதித்தது. மின்சாரத்தால் தண்ணீரைப் பிரிக்கும் சாதாரண மின்பகுப்புக்கு மேல் அதில் எதுவும் இல்லை, இது அப்பட்டமான மோசடி என்று தீர்ப்பளித்து, பணத்தைத் திருப்பித் தரச் சொன்னது. டொயோட்டா மிராய் போன்ற ஹைட்ரஜன் கார்களை இதோடு சேர்க்காதீர்கள். அவை ஹைட்ரஜனை நிரப்பிக்கொண்டு, புகைக்குப் பதில் தண்ணீரை வெளியே விடுபவை.

இனி படகு விஷயம். இதில் மோசடி இல்லை. அசல் பொறியியல், எனக்கு மிகவும் பிடித்ததும்கூட. 1960களில் ஜெர்மனியில் தயாரான, தரையிலும் தண்ணீரிலும் ஓடும் ஈரூடகக் காரான ஆம்ஃபிகார் சுமார் 3,900 வண்டிகள் வரை வெளிவந்தது. பின்பக்கம் இரண்டு ப்ரொப்பெல்லர். திருப்புவதற்குச் சுக்கான் கிடையாது, முன்சக்கரங்களே சுக்கான். தரையில் மணிக்கு 110 கிலோமீட்டர் வரை போகும், தண்ணீரில் 12, 13தான். தொங்கும் சக்கரங்கள் தண்ணீரை இழுத்துப் பிடிப்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். பிற்பாடு வந்த கிப்ஸ் அக்வாடா சக்கரங்களை மேலே மடக்கிக்கொண்டு நீர்த்தாரையால் பாய்ந்தது. 2004இல் பிரிட்டிஷ் தொழிலதிபர் ரிச்சர்ட் பிரான்சன் அதில் ஆங்கிலக் கால்வாயை 1 மணி 40 நிமிடத்தில் கடந்தார்.

உங்கள் காரும் மிதக்கும், ஆச்சரியப்படாதீர்கள். எடை 1,200 கிலோ என்றால் 1,200 லிட்டர் தண்ணீரை விலக்கினால் போதும். 4 மீட்டர் நீளம், 1.7 மீட்டர் அகலம் என்றால், தரைத்தகட்டுக்கு மேல் 18 சென்டிமீட்டர் தண்ணீர் ஏறியதுமே தூக்கிவிடும். வெள்ளத்தில் முழங்கால் தண்ணீருக்கே கார்கள் இழுத்துச் செல்லப்படுவது இதனால்தான். மிதக்க ஆரம்பித்தால் டயருக்குப் பிடிப்பு போய்விடும். அப்புறம் ஸ்டியரிங்கும் பிரேக்கும் கையில் இருந்தும் பயனில்லை. கதவு இடுக்கு, ஒயர் போகும் துளை, பெடல் துளை என்று தண்ணீர் உள்ளே வர ஐம்பது வழி. முன்னால் கனமான எஞ்சின் இருப்பதால் மூக்கு முதலில் முங்கும். காற்றுக் குழாய்க்குள் தண்ணீர் போனால், அதை அமுக்க முடியாது என்பதால் பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

சிலிக்கான் பூசி அடைத்தால் என்ன என்று கேட்பீர்கள். இதற்கென்றே கட்டிய வண்டிகளே ஒரு சீலால் மூழ்கியிருக்கின்றன. 1999இல் அமெரிக்காவின் ஆர்கன்சாவில் சுற்றுலாப் பயணிகளுடன் சென்ற ஈரூடக வண்டி ஒன்றில் டிரைவ் ஷாஃப்டைச் சுற்றியிருந்த உறை நழுவி, தண்ணீர் புகுந்து 13 பேர் இறந்தார்கள். மேலே இருந்த கூரை அவர்களை வெளியே வரவிடாமல் தடுத்தது.

ஆசை விடவில்லை என்றால், இதற்கென்றே தயாரித்த பழைய வண்டி ஒன்றைத் தேடுங்கள். வாங்கும் முன் அடித்தகட்டின் துருவைப் பாருங்கள், உள்ளே சேரும் தண்ணீரை இறைக்கும் பம்ப்பை ஓடவிட்டுக் கேளுங்கள். முதல் முறை இடுப்பளவு ஆழத்தில், கரைக்குப் பக்கத்தில், லைஃப் ஜாக்கெட்டோடு, ஜன்னல்களைத் திறந்து வைத்து, சீட் பெல்ட் போடாமல் பத்து நிமிடம் மட்டும் ஓட்டுங்கள். கரையேறியதும் ஈரமான பிரேக்கை மெதுவாக மிதித்துக் காயவைத்துவிட்டு, அடியில் உள்ள வடிகால் திருகைத் திறந்து, வரும் தண்ணீரை ஒரு வாளியில் பிடித்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை அந்த அளவு கூடியிருந்தால், சீல்களை மாற்றும் வரை வண்டி தரையிலேயே இருக்கட்டும்.