கையால் படிக்க வேண்டியவை: சிகிச்சையாளர் கேள்விகளுக்குப் பதில்கள்

இணையவழியிலேயே பயிற்சி முடித்துச் சான்றிதழ் எடுக்கலாம். அப்படியிருக்க, இரவு பஸ் ஏறிக் கொழும்புக்குப் போய் வர வேண்டுமா? (இயன்மருத்துவர், கிண்ணியா)

எல்லாவற்றுக்கும் போக வேண்டியதில்லை. உடற்கூற்றியல், புதிய ஆய்வுகள், உடற்பயிற்சித் திட்டம் வகுப்பது ஆகியவற்றை வீட்டிலிருந்து படிப்பதே வசதி. விளங்காத இடத்தில் நிறுத்தித் திரும்பப் பார்க்கலாம். கைக்குத் தெரிய வேண்டியவற்றுக்கு மட்டும் பயணப்படுங்கள்.

மூட்டைக் கையால் அசைப்பதைத் தரங்களாகப் பிரிக்கும் மெயிட்லண்ட் முறையை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் தர அசைவு மூட்டின் எதிர்ப்புத் தொடங்குமுன் திரும்பிவிட வேண்டும். மூன்றாம் தரம் எதிர்ப்புக்குள் போக வேண்டும். திரையில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலத் தெரியும். வலி மிகுந்த தோளுக்கு இரண்டு என்று எண்ணி மூன்றைக் கொடுத்தால் வலி கூடும், அடுத்த முறை அந்த நோயாளி தோளைத் தொடவிடமாட்டார். பயிற்றுநர் உங்கள் மூட்டிலேயே அதைச் செய்து காட்டி, பிறகு உங்கள் கைமேல் தன் கையை வைத்துத் திருத்தும்போதுதான் எதிர்ப்புத் தொடங்கும் இடம் பிடிபடும்.

பக்கவாத நோயாளியின் தசை இறுக்கத்தை அளக்கும் திருத்திய ஆஷ்வர்த் அளவுகோலும் இப்படித்தான். மடங்கிய முழங்கையை ஏறத்தாழ ஒரு செக்கனில் நீட்ட வேண்டும். இந்த இறுக்கம் வேகத்தைப் பொறுத்து மாறுவதால், மெதுவாக நீட்டுகிறவர் குறைந்த எண்ணைப் பதிவார். திரும்பத் திரும்ப நீட்டிப் பார்த்தாலும் தசை தளர்ந்து அதே பிழை வரும். லேசான இறுக்கத்தைக் குறிக்கும் 1, 1+ என்ற இரண்டு படிகளில்தான் ஆளுக்கு ஆள் அதிகம் வேறுபடுவார்கள். ஒரே நோயாளியை மூன்று நான்கு பேர் தனித்தனியே பார்த்து, எண்ணை மறைத்து எழுதிப் பிறகு ஒப்பிடுவது நேரடிப் பயிற்சியின் மிகப் பயனுள்ள பகுதி. ஆனால் அந்த நோயாளியும் களைத்துவிடுவார். ஆட்களுக்கிடையே ஓய்வு கொடுங்கள்.

காசு கட்டுமுன் ஒரு பட்டறை நல்லதா என்று எப்படி அறிவது? (இயன்மருத்துவர், உப்புவெளி)

எத்தனை பேருக்கு ஒரு பயிற்றுநர் என்று முதலில் கேளுங்கள். எட்டுப் பத்துப் பேருக்கு ஒருவர் என்றால் நல்லது. ஐம்பது பேருக்கு ஒருவர் என்றால் அது விரிவுரைதான், அதை இணையத்திலேயே கேட்கலாம். மொத்த நேரத்தில் பாதிக்கு மேல் கட்டிலருகே செலவாக வேண்டும். முடிவில் உங்கள் கையைப் பார்த்து மதிப்பிடுவார்களா, வருகைக்கு மட்டும் சான்றிதழா என்பதையும் விசாரியுங்கள்.

எங்கள் பிரிவில் நான் ஒருவர்தான். லீவு எடுத்தால் கிளினிக் நின்றுவிடும். (இயன்மருத்துவர், மூதூர்)

பயிற்றுநரை இங்கே அழையுங்கள். திருகோணமலை, கிண்ணியா, மூதூர், கந்தளாய் வைத்தியசாலைகளில் இருப்பவர்கள் சேர்ந்தால் ஒருவரின் பயணச் செலவையும் தங்குமிடத்தையும் பகிர்ந்துகொள்ளலாம். சனி அல்லது ஞாயிறு வைத்தால் கிளினிக் நாள் கெடாது. வெள்ளி ஜும்ஆ நேரத்தோடும் மோதாது.

இரண்டு பேருக்கு ஒரு கட்டில் வேண்டும், அதுவும் உயரம் மாற்றக்கூடியதாக. தாழ்ந்த கட்டிலில் குனிந்து நிற்பவர் உடல் எடையைப் பயன்படுத்த முடியாமல் பெருவிரலால் மட்டும் அழுத்துவார். மாலைக்குள் அந்த விரல் நோகும், பழகிய முறையும் பிழையாகிவிடும். சித்திரை, வைகாசி வெக்கையில் வியர்த்த கை வழுக்கும் என்பதால் ஆளுக்கு இரண்டு துவாய்கள் வையுங்கள்.

பட்டறை இரண்டு நாள் என்றால், அவற்றை அடுத்தடுத்து வைக்காமல் ஒரு மாதம் இடைவெளி விடுவதையே பரிந்துரைப்போம். முதல் நாள் பழகியதை நோயாளிகளிடம் செய்யும்போதுதான் உண்மையான சந்தேகங்கள் எழும். அவற்றோடு இரண்டாம் நாளுக்கு வாருங்கள். இடைப்பட்ட மாதத்தில் வாரம் ஒரு முறை சக ஊழியர் ஒருவரின் மூட்டில் பழகாவிட்டால் கை மறந்துவிடும்.

ஆண்கள் கலந்த பட்டறையில் செய்முறைக்குத் தயக்கமாக இருக்கிறது. (பெயர் வேண்டாம்)

பதிவு செய்யும்போதே பெண் இணை வேண்டும் என்று சொல்லுங்கள். அது நியாயமான கோரிக்கை, நல்ல ஏற்பாட்டாளர் மறுக்கமாட்டார். முதுகு, இடுப்புப் பயிற்சிகளுக்குத் திரை கேளுங்கள். எவரையும் தொடுமுன் அனுமதி கேட்பதும் அந்தப் பாடத்தின் பகுதிதான்.

வீடியோ பார்த்து மணிக்கட்டைத் தாங்கும் ஸ்பிளின்ட் செய்கிறேன், தகடுகள் வீணாகின்றன. (தொழில்வழிச் சிகிச்சையாளர், திருகோணமலை)

பெரும்பாலும் சூடுதான் காரணம். சூட்டில் இளகும் வழக்கமான 3.2 மில்லிமீற்றர் தெர்மோபிளாஸ்டிக் தகட்டுக்குத் தண்ணீர் 65 முதல் 75 பாகை செல்சியஸ் வரை போதும். தகட்டோடு வரும் குறிப்பையும் பாருங்கள். கூடினால் தகடு இழுபட்டு மெலிந்து விரலடையாளம் பதியும். குறைந்தால் பாதியில் விறைக்கும், நீங்கள் அழுத்தி மடிப்பீர்கள், அந்த இடம் தோலைக் குத்தும். தகட்டைத் துவாயில் ஒற்றி, உங்கள் சொந்தத் தோலில் சூட்டைப் பார்த்த பின்பே நோயாளிக்கு வையுங்கள்.

முதலில் காகிதத்தில் மாதிரி வெட்டுங்கள். நீளம் முன்கையில் மூன்றில் இரண்டு பங்கு. உள்ளங்கையில் விரல்களுக்குக் கீழே ஓடும் மடிப்பை மூடினால் விரல் மடங்காது. மணிக்கட்டின் சுண்டுவிரல் பக்க எலும்பு மேட்டுக்கு மெத்தையை வார்க்குமுன் வையுங்கள். வார்த்த பின் ஒட்டினால் இடம் குறைந்து அழுத்தம் கூடும்.

இளகிய தகட்டைப் பிடித்து இழுக்காமல் தானாகப் படியவிடும் அளவு மட்டும் அருகில் ஒருவர் நின்று காட்டினால்தான் வரும். ஆளுக்கு இரண்டு ஸ்பிளின்டாவது செய்யவிடும் பட்டறையைத் தேடுங்கள். முடிந்ததை வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் வைக்க வேண்டாம் என்று நோயாளிக்குச் சொல்லி அனுப்புங்கள், வடிவம் குலைந்துவிடும்.