கிட்டார் பெடலின் ஃபுட்ஸ்விட்ச் பழுதானால் நாமே மாற்றிக்கொள்ளலாமா?

கேள்வி: ஐந்து ஆண்டுகளாக நான் பயன்படுத்தி வரும் டிஸ்டார்ஷன் பெடலை இப்போது இரண்டு மூன்று முறை மிதித்தால்தான் ஒலி வருகிறது. சில நேரம் விளக்கு எரிகிறது, ஆனால் ஆம்ப்பில் சத்தமே இல்லை. ஃபுட்ஸ்விட்சை நானே மாற்றலாமா, கடையில் கொடுப்பது நல்லதா?

பதில்:

நீங்களே மாற்றலாம். சால்டரிங் அயர்னைக் கையாண்டு பழகியவர் என்றால் ஒரு மாலைப் பொழுது போதும். இதுவரை தொட்டதே இல்லை என்றால், உடைந்து போன ரேடியோ போர்டு ஒன்றை வாங்கி, அதில் இரண்டு நாள் கம்பிகளை ஒட்டியும் பிரித்தும் பழகிவிட்டுப் பெடலைத் திறங்கள். மெல்லிசைக் குழு ஒன்றில் பதினாறு ஆண்டுகளாகக் கிட்டார் வாசிக்கிறேன். என்னுடைய பெடல்களிலும் நண்பர்களுடைய பெடல்களிலுமாக இருபதுக்கு மேற்பட்ட ஃபுட்ஸ்விட்ச்களை மாற்றியிருக்கிறேன். இந்த வேலையில் தவறு நேர்ந்ததாக என்னிடம் வந்த பெடல்களில் பெரும்பாலானவை, பழைய சுவிட்சின் எந்த முனையில் எந்தக் கம்பி இருந்தது என்று குறித்துக்கொள்ளாமலே அவசரப்பட்டுப் பிரித்தவை. ஆகவே நிதானமாகவே சொல்கிறேன்.

முதலில், பழுது சுவிட்சில்தானா என்பதை உறுதி செய்யுங்கள். நான் முதன்முதலில் ஃபுட்ஸ்விட்ச் மாற்றிய பெடலில், மாற்றிய பிறகும் ஒலி விட்டுவிட்டுத்தான் வந்தது. கிட்டார் கேபிளைச் செருகும் இன்புட் ஜாக்கின் நட்டு தளர்ந்து, ஜாக் முழுவதும் சுழன்றதில் உள்ளே ஒரு கம்பி பாதி அறுந்திருந்ததை அதன் பிறகே கண்டேன். எனவே வேறு கேபிள், வேறு அடாப்டர் இரண்டையும் மாற்றிப் பாருங்கள். ஜாக்குகளில் செருகிய கேபிளை மெல்ல அசைத்துப் பாருங்கள். அசைக்கும்போது கரகரவென்று சத்தம் வந்தால் சந்தேகம் ஜாக்கின் மேல் திரும்ப வேண்டும். மிதிக்கும்போது மட்டும் ஒலி போவதும் வருவதுமாக இருந்தால் சுவிட்சின் மேல் திரும்ப வேண்டும்.

நீங்கள் சொல்லும் அடையாளம், அதாவது விளக்கு எரிந்தும் ஒலி வராதது, சுவிட்சைத்தான் காட்டுகிறது என்று நினைக்கிறேன். இன்று பல டிஸ்டார்ஷன், ஓவர்டிரைவ் பெடல்களில் இருப்பது ஒன்பது முனைகள் கொண்ட 3 பி.டி.டி. (3PDT) சுவிட்ச். ஒரே கூட்டுக்குள் மூன்று தனித்தனிச் சுவிட்ச்கள் இருக்கின்றன என்று அதை எண்ணிக்கொள்ளலாம்; அவை ஒவ்வொன்றையும் துருவம் என்பார்கள். முதலாவது, கிட்டாரிலிருந்து வரும் ஒலியைப் பெடலின் சர்க்யூட்டுக்கு அனுப்புவதா, நேராக வெளியே விடுவதா (இதுதான் பைபாஸ்) என்பதைத் தீர்மானிக்கிறது. இரண்டாவது, வெளியே போகும் பக்கத்தில் அதே வேலையைச் செய்கிறது. மூன்றாவது எல்.இ.டி. விளக்கை ஏற்றி அணைக்கிறது. விளக்குக்கான தொடுமுனை நன்றாக இருந்து, ஒலிக்கான இரண்டில் ஒன்று தேய்ந்தோ கறுத்தோ போனால், நீங்கள் சொல்லும் நிலைதான் ஏற்படும். இரண்டு துருவச் சுவிட்ச்களே கிடைத்த காலத்தில் ஒலிக்கே இரண்டும் செலவாகிவிடும் என்பதால் விளக்குக்கு இடமிருக்காது, அதற்காகவே ஆர். ஜி. கீன் என்பவர் மில்லெனியம் பைபாஸ் என்ற சிறு துணைச் சர்க்யூட்டை வடிவமைத்தார். மூன்று துருவச் சுவிட்ச் எளிதாகக் கிடைக்கத் தொடங்கியதும் அந்தச் சுற்றுவழி பெருமளவுக்குத் தேவையற்றுப் போனது.

ஆனால் எல்லாப் பெடல்களும் இந்த வகை அல்ல. திறந்து பார்க்காமல் சுவிட்ச் வாங்கப் போக வேண்டாம் என்று சொல்வது இதனால்தான். 1977-இல் வந்த பாஸ் நிறுவனத்தின் சிறிய பெடல் வரிசையை எடுத்துக்கொண்டால், அதன் அகலமான மிதிபலகைக்குக் கீழே இரண்டே கம்பிகள் கொண்ட சிறு சுவிட்ச் ஒன்றுதான் இருக்கும். கிட்டாரின் ஒலி அதன் வழியாகப் போவதே இல்லை. வீட்டு வாசலில் உள்ள காலிங் பெல் சுவிட்சைப் போல, அழுத்தும் நேரத்துக்கு மட்டும் இணைந்து, உள்ளே இருக்கும், ஒவ்வொரு அழுத்தலுக்கும் நிலை மாறும் ஃபிளிப்-ஃபிளாப் சர்க்யூட்டுக்குத் தகவல் சொல்வது மட்டுமே அதன் வேலை. ஒலியைத் திருப்பிவிடுவதை, மின்னணுச் சுவிட்சாக வேலை செய்யும் ஜேஃபெட் டிரான்சிஸ்டர்கள் செய்கின்றன. ஐபனேஸ் நிறுவனத்தின் டியூப் ஸ்கிரீமர் பெடலிலும் இதே ஏற்பாடுதான். ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வைத்த புதிய பெடல்கள் பலவற்றிலும் இத்தகைய சுவிட்ச்தான் இருக்கும். அத்தகைய பெடலில், பேனாவின் பொத்தானைப் போல அழுத்தினால் பூட்டிக்கொள்ளும் வகையைப் பொருத்தினால் பெடல் ஒழுங்காக வேலை செய்யாது. எது எந்த வகை என்பதை அறிய, மின்சாரத்தை முழுவதும் துண்டித்துவிட்டு மல்டிமீட்டரால் பாருங்கள்: அழுத்திப் பிடித்திருக்கும்போது மட்டும் இணைப்பு காட்டினால் அது காலிங் பெல் வகை. இரண்டு முனை மட்டுமே கொண்ட இந்த வகையை மாற்றுவது மிக எளிது. எந்தக் கம்பி எந்த முனைக்கு என்ற கவலைகூட இல்லை. இனி நான் எழுதுவது ஒன்பது முனைச் சுவிட்சைப் பற்றியே.

பின்மூடியைத் திறந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை படம் எடுப்பது. மேலிருந்து ஒன்று, இரண்டு பக்கங்களிலிருந்தும் ஒவ்வொன்று எடுத்துவிட்டு, ஒரு தாளில் மூன்றுக்கு மூன்றாக ஒன்பது புள்ளிகள் வைத்து, எந்த முனையில் என்ன நிறக் கம்பி, அதன் மறுமுனை எங்கே போகிறது என்று எழுதுங்கள். படம் மட்டும் போதாதா என்று கேட்கலாம். ஒரு கம்பிக்குப் பின்னால் மறைந்திருக்கும் குட்டி இணைப்புக் கம்பியைப் படம் காட்டாது. எழுதும்போது கண்ணில் பட்டுவிடும். வழக்கமாக மூன்று துருவங்களின் நடுமுனைகளில் ஒன்றில் இன்புட் ஜாக்கும், இன்னொன்றில் அவுட்புட் ஜாக்கும் இருக்கும். ஒரு பக்கத்து முனைகளிலிருந்து சர்க்யூட் போர்டுக்குக் கம்பிகள் போகும். மறுபக்கத்தில் இரண்டு முனைகளை ஒரு சிறு கம்பி இணைத்திருக்கும். அந்தச் சிறு கம்பிதான் பைபாஸ் வழி. தயாரிப்பவர்களுக்கு ஏற்ப இது மாறும் என்பதால், இணையத்தில் கிடைக்கும் பொதுவான படத்தைவிட உங்கள் தாளையே நம்புங்கள்.

எதையும் பிரிப்பதற்கு முன் இன்னொரு சோதனை இருக்கிறது. இரு பக்கமும் முதலைக் கிளிப் உள்ள சிறு கம்பி ஒன்றால், இன்புட் ஜாக் ஒட்டியுள்ள நடுமுனையையும் அவுட்புட் ஜாக் ஒட்டியுள்ள நடுமுனையையும் இணையுங்கள். பைபாஸ் நிலையில் வராமலிருந்த கிட்டார் ஒலி இப்போது தெளிவாக வந்தால், ஜாக்குகளும் கேபிளும் நன்றாக இருக்கின்றன, பழுது சுவிட்சில்தான் என்று பொருள். எஃபெக்ட் நிலையில், அதாவது ஒலி சர்க்யூட் வழியாகப் போகும் நிலையில், ஒலி வராவிட்டால், அந்த நிலையில் இணைய வேண்டிய முனைகளை இதேபோல ஒவ்வொரு ஜோடியாக இணைத்துப் பார்க்கலாம். மல்டிமீட்டரால் பார்ப்பதானால் பீப் ஒலியை மட்டும் நம்ப வேண்டாம். பல மீட்டர்கள் சில பத்து ஓம் தடை இருந்தாலும் பீப் அடித்துவிடும். 200 ஓம் அளவில் வைத்து எண்ணைப் பாருங்கள். நல்ல தொடுமுனையில் ஒரு ஓமுக்கும் குறைவாக, அசையாமல் நிற்கும். தேய்ந்ததில் ஒவ்வொரு மிதிக்கும் எண் மாறிக்கொண்டே இருக்கும்.

தொடுமுனைகளைச் சுத்தம் செய்யும் கான்டாக்ட் கிளீனர் அடித்தால் சரியாகாதா என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். நானும் அடித்துப் பார்த்திருக்கிறேன்; ஒரு வாரம் நன்றாக வேலை செய்துவிட்டுப் பழைய நிலைக்கே திரும்பியது. மேடையேறும் பெடலுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். புதிய சுவிட்ச் ஒன்று நான் கடைசியாக வாங்கியபோது 200 ரூபாய்க்கும் குறைவாகவே இருந்தது. சென்னையில் இருப்பவர்கள் அண்ணா சாலைக்கு அருகிலுள்ள ரிச்சி தெருவில் விசாரிக்கலாம். வாங்கும்போது மூன்று விஷயங்களைப் பாருங்கள். ஒன்பது முனை உள்ளதா, பூட்டிக்கொள்ளும் வகையா, முனைகள் கம்பி ஒட்டுவதற்கான துளையுள்ள தட்டையான முனைகளா அல்லது போர்டில் செருகுவதற்கான மெல்லிய முனைகளா என்பதே அவை. பெட்டியின் துளை பெரும்பாலும் 12 மில்லிமீட்டர்தான் என்பதால் அளவில் சிக்கல் வருவது அரிது. வீட்டுக்கு வந்ததும், பொருத்துவதற்கு முன்பே, புதிய சுவிட்சை இருபது முப்பது முறை அழுத்தி ஒவ்வொரு துருவத்தையும் மீட்டரால் சோதியுங்கள். புதியது என்பதாலேயே அது நல்லது என்று ஆகிவிடாது. ஒட்டி முடித்த பிறகு அதைக் கண்டுபிடிப்பது மிகுந்த மனவருத்தம் தரும்.

இந்தச் சோதனையிலேயே இன்னொரு பயனும் உண்டு. ஒன்பது முனைகளும் சதுரமாக அமைந்திருப்பதால், சுவிட்சைத் தொண்ணூறு பாகை திருப்பி வைத்தாலும் அவசரப் பார்வைக்கு அதே போலத்தான் தெரியும். ஆனால் இணைப்புகள் முற்றிலும் மாறிவிடும். எந்த மூன்று முனைகள் ஒரே துருவத்தைச் சேர்ந்தவை, நடுமுனை எது என்று மீட்டரால் கண்டு மார்க்கரால் குறித்துக்கொண்டு, பழைய சுவிட்ச் இருந்த அதே திசையில் வையுங்கள். புதிய சுவிட்ச் போட்ட பிறகு பெடல் ஊமையாகிவிட்டது என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

இனி ஒட்டும் வேலை. இந்தச் சுவிட்சின் உள்ளே ஒவ்வொரு துருவத்திலும் சிறிய உலோகத் தகடு ஒன்று நடுமுனையின் மேல் சீசா போல இரு பக்கமும் சாய்ந்தாடுகிறது. முனைகளைப் பிடித்திருப்பது பிளாஸ்டிக் அடித்தளம். அயர்னை அதிக நேரம் வைத்தால் பிளாஸ்டிக் இளகி முனை சற்றே சாயும். உள்ளே இருக்கும் கிரீஸும் உருகி, தகடு தொட வேண்டிய இடத்தில் படியும். வெளியே பார்க்க எதுவும் தெரியாது. சில வாரங்களில் புதிய சுவிட்சும் பழையதைப் போலவே தகராறு செய்யும். ஆகவே கம்பியின் நுனியில் முதலில் ஈயம் பூசிக்கொள்ளுங்கள். முனையில் அயர்னை இரண்டு மூன்று விநாடிக்கு மேல் வைக்க வேண்டாம். அடுத்தடுத்த முனைகளை ஒட்டாமல், ஒன்று இந்த ஓரம், அடுத்தது அந்த ஓரம் என்று மாறி மாறி ஒட்டி, ஆற நேரம் கொடுங்கள். சுவிட்சைப் பெட்டியிலேயே பொருத்தி நட்டைப் பூட்டிவிட்டு ஒட்டினால் வெப்பத்தில் ஒரு பகுதியை அலுமினியப் பெட்டி இழுத்துக்கொள்ளும். முனைகள் சூடாக இருக்கும்போது சுவிட்சை அழுத்திப் பார்க்கவே கூடாது. ரோசின் கலந்த 60/40 ஈயக்கம்பி 190 பாகை செல்சியசுக்குள் உருகிவிடும் என்பதால், சாதாரண 25 வாட் அயர்னே போதுமானது. மிகக் குறைந்த சூட்டில் நெடுநேரம் தேய்ப்பதைவிட, சுத்தமான நுனியோடு நல்ல சூட்டில் சட்டென்று ஒட்டி எடுப்பதே சுவிட்சுக்குப் பாதுகாப்பு. சன்னலைத் திறந்து வைத்து, முடித்ததும் கையைக் கழுவுங்கள்.

சுவிட்ச் நேராகச் சர்க்யூட் போர்டிலேயே ஒட்டப்பட்டிருந்தால் வேலை சற்றுக் கடினம். ஒன்பது முனைகளையும் ஒரே நேரத்தில் இளக்கி உருவ முயன்றால் போர்டின் செப்புப் பட்டைகள் பிய்ந்துவிடும். பழைய சுவிட்ச் எப்படியும் குப்பைக்குத்தான் போகிறது. காப்பாற்ற வேண்டியது போர்டு. எனவே கட்டரால் முனைகளை ஒவ்வொன்றாக வெட்டிச் சுவிட்சின் உடலைத் தனியே எடுத்துவிடுங்கள். பிறகு போர்டில் மிஞ்சிய துண்டுகளில் ஒவ்வொன்றுக்கும் சிறிது புதிய ஈயம் வைத்து இளக்கி, இடுக்கியால் இழுத்தெடுத்து, துளைகளை உறிஞ்சு பம்ப்பால் சுத்தம் செய்யுங்கள். வெட்டுவதற்குக் கட்டர் நுழைய இடமே இல்லாத பெடல் என்றால் மட்டும் கடையில் கொடுப்பதே நல்லது என்பேன்.

பொருத்தும்போது நட்டுகளின் வரிசையைப் பழையபடியே வையுங்கள். உள்ளே ஒரு நட்டும் பல்வாஷரும், வெளியே பிளாஸ்டிக் வாஷரும் இன்னொரு நட்டும் இருக்கும். உள்நட்டின் உயரமே சுவிட்ச் எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. 14 மில்லிமீட்டர் ஸ்பேனர் பொருந்தும். இடுக்கியால் முறுக்கினால் நட்டின் மூலைகளும் பெட்டியின் பெயிண்டும் கெடும்.

மாற்றிய பிறகு ஒவ்வொரு மிதிக்கும் ஸ்பீக்கரில் டொப்பென்று ஒரு சத்தம் வந்தால் உடனே புதிய சுவிட்சைக் குறை சொல்ல வேண்டாம். பைபாஸ் நிலையில் சர்க்யூட்டின் முகப்பிலுள்ள கெப்பாசிட்டரில் கசிந்து தேங்கும் மின்னூட்டம், மிதித்த கணத்தில் வெளிப்படும் சத்தம் அது. சர்க்யூட்டின் இன்புட்டிலிருந்து கிரவுண்டுக்கு 1 மெகா ஓம் தடையம் (ரெசிஸ்டர்) ஒன்றை வைத்தால் பெரும்பாலும் நின்றுவிடும்.

மூடியைப் பூட்டும் முன் திறந்த நிலையிலேயே கிட்டாரை இணைத்து இரு நிலைகளிலும் சில நிமிடங்கள் வாசித்துப் பாருங்கள். திறந்திருக்கும்போது நன்றாக இருந்து, மூடியதும் ஒலி நின்றுவிட்டால், முனைகள் அடிமூடியின் உலோகத்தைத் தொடுகின்றன என்று அர்த்தம். நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி நுனிகளை நறுக்கிவிட்டு, மூடியின் உட்புறத்தில் அந்த இடத்துக்கு நேரே இரண்டடுக்கு இன்சுலேஷன் டேப் ஒட்டிப் பூட்டுங்கள்.