புற்றுநோய் வந்தால் ஆண்களைவிடப் பெண்கள் அதிகம் பிழைக்கிறார்கள் என்பது உண்மையா?

பெரும்பாலான புற்றுநோய்களில் உண்மைதான். 2022-இல் உலகம் முழுக்கப் புற்றுநோயால் இறந்த ஆண்கள் சுமார் 54 லட்சம், பெண்கள் 43 லட்சம். நம் நாட்டில் அதே ஆண்டில் புதிதாக நோய் வந்தவர்களில் பெண்கள்தான் அதிகம், ஆனால் இறந்தவர்களில் ஆண்கள் அதிகம். மார்பகம், கர்ப்பப்பை வாய் என்று பெண்களுக்கு வருபவற்றை ஒதுக்கிவிட்டு, நுரையீரல், தோலில் வரும் மெலனோமா என்று இருவருக்கும் பொதுவானவற்றை எடுத்தாலும் பெண்களின் கை ஓங்கியே இருக்கிறது.

ஆனால் எங்கள் வீட்டில் நடந்தது தலைகீழ். அதைச் சொல்லத்தான் இந்தக் கேள்விக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன்.

அப்பாவுக்கும் அவர் தங்கைக்கும், அதாவது என் அத்தைக்கும், நான்கு வருட இடைவெளியில் ஒரே நோய் வந்தது. சிறுநீர்ப்பையில் புற்றுநோய். அப்பா நாற்பது வருடம் பீடி குடித்தவர். ஒருநாள் சிறுநீர் ரத்தமாகப் போனதைப் பார்த்துப் பயந்து அன்றைக்கே டாக்டரிடம் போனார். அறுபது தாண்டிய ஆண், பீடிப் பழக்கம், வலியில்லாமல் ரத்தம் என்று கேட்டதுமே அந்த டாக்டர் சிறுநீர்ப் பாதை நோய்களைப் பார்க்கும் யூராலஜிஸ்ட்டிடம் அனுப்பிவிட்டார். பத்தே நாளில் கட்டியைக் கண்டுபிடித்து, உள்ளே குழாய் விட்டுச் சுரண்டி எடுத்தார்கள். தசைக்குள் இறங்கியிருக்கவில்லை. அப்புறம் வாரத்துக்கு ஒரு தடவையாக ஆறு வாரம் சிறுநீர்ப்பைக்குள் பிசிஜி மருந்து விட்டார்கள். குழந்தை பிறந்ததும் கையில் தழும்பு விழப் போடுகிறோமே, அதே பிசிஜிதான். அப்பா இன்றும் காலையில் நடைப்பயிற்சிக்குப் போகிறார்.

அத்தைக்கும் அதே மாதிரி ரத்தம்தான் வந்தது. மாதவிலக்கு நின்று எட்டு வருடம் ஆகியிருந்தது. ஆனாலும் ரத்தத்தைப் பார்த்து அவர் பயப்படவில்லை. உடம்புச் சூடு என்று இளநீரும் பார்லிக் கஞ்சியும் குடித்தார். பிறகு ஓர் ஆஸ்பத்திரியில் யூரினரி இன்ஃபெக்‌ஷன் என்று ஐந்து நாள் மாத்திரை கொடுத்தார்கள். ரத்தம் நின்றது. இந்த நோயில் ரத்தம் தானாகவே நின்று நின்று வரும் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. மாத்திரை கேட்டுவிட்டது என்றே எல்லோரும் நினைத்தோம். இரண்டு மாதம் கழித்து மறுபடி ரத்தம், மறுபடி மாத்திரை. அடுத்த முறை கர்ப்பப்பையைச் சந்தேகப்பட்டுப் பார்த்தார்கள், அதில் ஒன்றுமில்லை என்றதும் நிம்மதியாக வீட்டுக்கு வந்துவிட்டார். சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று ஒரு தடவைகூட கல்ச்சர் எடுக்கவில்லை. அப்பாவுக்கு வந்ததைக் கூடவே இருந்து பார்த்த நாங்களும், அது பீடி குடிக்கிறவர்களுக்கு வருவது என்றுதான் இருந்தோம். இப்படியே பதினோரு மாதம் போனது. கண்டுபிடித்தபோது கட்டி தசையைத் தாண்டியிருந்தது.

அதற்குப் பிறகு இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். சிறுநீர்ப்பைப் புற்றுநோய் ஆண்களுக்கு மூன்று நான்கு மடங்கு அதிகம் வருகிறது. புகைப்பழக்கத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் அந்த இடைவெளி மறைவதில்லை. பெண்ணின் உடம்பிலேயே ஒரு பாதுகாப்பு இருக்கிறது.

பெண்ணின் செல்லில் இரண்டு எக்ஸ் குரோமோசோம். அதில் ஒன்று அடங்கிக் கிடக்கும் என்று மரபியல் விஞ்ஞானி மேரி லயன் 1961-இல் சொன்னார். ஆனால் அது முழுக்க அடங்குவதில்லை. அதிலுள்ள சில மரபணுக்கள் தப்பித்து வேலை செய்துகொண்டே இருக்கும். கட்டி வளராமல் தடுக்கும் கேடிஎம்6ஏ என்ற மரபணு அப்படிப்பட்டது. ஆணுக்கு அது ஒன்றே ஒன்று, அது பழுதானால் போயிற்று. பெண்ணுக்குக் கைவசம் இன்னொன்று இருக்கும். இது ஹார்மோனின் வேலையாக இருக்கக் கூடாதா என்று எனக்கும் சந்தேகம் வந்தது. அதைப் பிரித்துப் பார்க்கவே, இரண்டு எக்ஸ் இருந்தும் விதைப்பையோடு பிறக்கும் எலிகளையும், எக்ஸும் ஒய்யும் இருந்தும் சினைப்பையோடு பிறக்கும் எலிகளையும் உருவாக்கியிருக்கிறார்கள். 2018-இல் வந்த அந்த ஆய்வில், ஹார்மோனுக்கு ஒரு பங்கு, எக்ஸ் குரோமோசோமுக்குத் தனியாக ஒரு பங்கு என்று தெரிந்தது.

அப்பாவின் பக்கம் வேறு ஒரு கதை. வயதாக ஆக ஆண்களின் சில செல்கள் ஒய் குரோமோசோமையே இழந்துவிடும். புகைபிடிப்பவர்களின் ரத்தச் செல்களில் இது இன்னும் அதிகம். ஒய்யை இழந்த சிறுநீர்ப்பைக் கட்டி, அதை அழிக்க வரும் டி செல்கள் என்ற நோய் எதிர்ப்புச் செல்களைச் சோர்வடையச் செய்துவிட்டு வேகமாக வளர்கிறது என்று 2023-இல் லாஸ் ஏஞ்சலஸில் தியோடரெஸ்கு என்ற ஆராய்ச்சியாளரின் குழுவினர் காட்டினார்கள். எனக்கு இதில் மிகவும் பிடித்தது அடுத்த பகுதி: அதே கட்டிதான், டி செல்களைத் தட்டி எழுப்பும் இம்யூனோதெரபி மருந்துக்கு நன்றாக அடங்குகிறது.

சரி, இவ்வளவு பாதுகாப்பு இருந்தும், இந்த நோய் வந்துவிட்டால் ஆண்களைவிடப் பெண்கள் ஏன் அதிக விகிதத்தில் இறக்கிறார்கள்? பல நாட்டுப் பதிவுகளில் ஒரே விஷயம் தெரிகிறது: கண்டுபிடித்த முதல் இரண்டு வருடத்தில்தான் பெண்களின் இறப்பு அதிகம். காரணங்களில் பெரியது, முற்றிய நிலையில் வந்து சேர்வது. முதலில் ரத்தம் தெரிந்ததிலிருந்து நோயைக் கண்டுபிடிக்க ஆண்களைவிடப் பெண்களுக்கு நாள் கூடுதலாக ஆகிறது என்று அமெரிக்கக் காப்பீட்டுப் பதிவுகளை அலசியவர்களும் எழுதியிருக்கிறார்கள். நடுவில் இன்ஃபெக்‌ஷன் என்று கொடுக்கும் ஆன்டிபயாடிக்கும் பெண்களுக்குத்தான் அதிகம். அதே நிலையில் இருக்கும் ஆணையும் பெண்ணையும் ஒப்பிட்டாலும் வித்தியாசம் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, எல்லாவற்றையும் தாமதத்தின் தலையில் கட்ட முடியாது.

மருந்தும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. 23,000-க்கும் மேற்பட்ட புற்றுநோயாளிகளை வைத்து 2022-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், கடுமையான பக்கவிளைவுகள் பெண்களுக்கு 34 சதவீதம் அதிகம் என்று வந்தது. அத்தைக்குக் கீமோவில் அப்படித்தான் வெள்ளையணுக்கள் தரைமட்டமாக இறங்கி, மூன்றாவது தவணையை இரண்டு முறை தள்ளிப்போட்டார்கள். பிறகு சிறுநீர்ப்பையையும் கர்ப்பப்பையையும் எடுத்து, வயிற்றில் பை மாட்டிவிட்டார்கள். பதினான்கு மாதம் இருந்தார்.

கேள்வி கேட்டவர் வீட்டில் யாருக்காவது இந்தத் தொந்தரவு இருக்கிறதா என்று தெரியவில்லை. இருந்தால், இன்ஃபெக்‌ஷன் என்று சொல்லும்போதே கல்ச்சர் எடுக்கச் சொல்லுங்கள். மாத்திரை முடிந்ததும் சிறுநீரை இன்னொரு தடவை டெஸ்ட் செய்யுங்கள். அதில் ரத்த அணுக்கள் தெரிந்தாலோ, கல்ச்சரில் கிருமியே வளரவில்லை என்றாலோ, அல்லது நாற்பது வயதைத் தாண்டிய பெண்ணுக்குக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒரே ஒரு தடவை ரத்தம் போயிருந்தாலோகூட, அடுத்த மாத்திரைச் சீட்டு வாங்காமல் யூராலஜிஸ்ட்டிடம் அழைத்துப் போங்கள். சிறுநீர்ப்பைக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் சிஸ்டோஸ்கோபி என்றதும் பயப்படுவார்கள். அப்பாவுக்குச் செய்தபோது நான் வெளியே நின்றேன், கால் மணி நேரம்கூட ஆகவில்லை.