குழந்தை இறந்து பத்து வாரமாகியும் தூக்கமில்லை: யாரிடம் போவது?

அண்ணாச்சி, ஏழாம் மாதத்தில் குழந்தை இறந்து பிறந்து பத்து வாரமாகியும் மைனிக்குத் தூக்கமில்லை, அந்த ஆஸ்பத்திரி இருக்கிற ரோட்டுப் பக்கமே போகமாட்டேங்காங்க, வீட்டில் எல்லாரும் 'அடுத்தது உண்டானா சரியாயிரும்' என்கிறார்கள் என்று எழுதியிருக்கீங்க.

அழுகைக்குக் கெடு கிடையாது. ஆனால் பிரசவ அறை திரும்பத் திரும்பக் கண்முன் வருவது, திடுக்கிடுவது, அந்த இடத்தையே ஒதுக்குவது இதெல்லாம் ஒரு மாதம் தாண்டியும் இருந்தால் பிரசவ அதிர்ச்சியாக இருக்கலாம். அதற்குத் தனிச் சிகிச்சை உண்டு.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குப் போங்க. டிஸ்சார்ஜ் சம்மரி கையில் இருக்கட்டும். ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்க்கச் சொல்லுங்க. அவை குறைந்தாலும் இதே சோர்வுதான் வரும். பிரசவத்துக்குப் பிறகு மனச்சோர்வு இருக்கா என்று பார்க்கிற எடின்பரோ வினாத்தாளில் 10 கேள்வி, கடைசி 7 நாளைப் பற்றியது. 13 மதிப்பெண்ணோ அதற்கு மேலோ வந்தால் மனச்சோர்வா என்று விவரமாகப் பார்ப்பார்கள். பத்தாவது கேள்வி தன்னைத்தானே காயப்படுத்தும் எண்ணம் பற்றியது. அதற்கு 'இல்லவே இல்லை' தவிர எந்தப் பதில் வந்தாலும் அன்றைக்கே டாக்டர் பார்த்தாகணும். அத்தையை அறைக்குள் கூட்டிட்டுப் போகாதீங்க; மைனிக்குப் பதிலா அவங்களே பேசிருவாங்க!

தனியார் கவுன்சலரிடம் போனால் அதிர்ச்சிக்கான சிபிடி (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை) அல்லது இஎம்டிஆர் (கண்ணசைவை வைத்து அதிர்ச்சி நினைவுகளைத் தணிக்கும் சிகிச்சை) பயிற்சி இருக்கா என்று முதலிலேயே கேளுங்க. முதல் நாளே நடந்தது முழுக்கச் சொல்லு என்று நெருக்கினால் ஆளை மாத்திருங்க. முதல் அமர்வுகள் மனதை நிலைப்படுத்தத்தான்.

ராத்திரி தாங்க முடியலைன்னா 14416-க்குப் போன் பண்ணுங்க; அது டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண். இலவசம், தமிழிலேயே பேசலாம். தூக்க மாத்திரையை மட்டும் நீங்களா கடையில் வாங்கிக் கொடுத்திராதீங்க.