விசென்டரா, ஈஎஸ்எக்ஸ்ஐயா: எதை முதலில் அப்டேட் செய்வது?

கேள்வி: நாகர்கோவிலில் ஒரு சிறிய ஆபீஸ். விஎம்வேரின் ஈஎஸ்எக்ஸ்ஐ (ஒரே சர்வரில் பல மெய்நிகர் கணினிகளை, அதாவது விஎம்களை, ஓட்டும் மென்பொருள்) போட்ட மூன்று சர்வர்கள், அவற்றை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் விசென்டர் ஒன்று. எங்கிருந்து தொடங்குவது?

விசென்டரிலிருந்துதான். புது விசென்டர் பழைய ஈஎஸ்எக்ஸ்ஐயை நிர்வகிக்கும். தன்னைவிடப் புதிய பதிப்பு ஈஎஸ்எக்ஸ்ஐயில் இருந்தால் திணறும். விசென்டர் சற்று நேரம் படுத்தாலும் விஎம்கள் பாட்டுக்கு ஓடும், பயம் வேண்டாம். ஆனால் 5480 போர்ட்டில் வரும் நிர்வாகப் பக்கத்துக்குப் போய், முதலில் பேக்கப் எடுத்துவிடுங்கள்.

அப்புறம் சர்வர்கள், ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்று. மெயின்டனன்ஸ் மோடில் (பராமரிப்புக்காக சர்வரைக் காலி செய்யும் நிலை) போட்டால், விஎம்களை சர்வர்களுக்கிடையே பங்கிடும் டிஆர்எஸ் முழு ஆட்டோமேட்டிக்கில் இருக்கும்போது விஎம்கள் தாமாகவே பக்கத்து சர்வருக்குப் போய்விடும். இல்லையென்றால் நீங்கள்தான் விமோஷனில் (ஓடும் விஎம்மை நிறுத்தாமலே வேறு சர்வருக்கு மாற்றும் வசதி) நகர்த்த வேண்டும். மற்ற இரண்டிலும் அதற்கு மெமரி இருக்கிறதா என்று முன்னாடியே பாருங்கள்.

தக்கலையில் ஒரு இடத்தில் மெயின்டனன்ஸ் மோடு நகராமல் நின்றது. ஒரு மணி நேரம் நெட்வொர்க்கைக் குடைந்தேன். கடைசியில் பார்த்தால், யாரோ ஒரு விஎம்மின் சிடி டிரைவில் அந்த சர்வரின் லோக்கல் டிஸ்க்கிலிருந்து ஐஎஸ்ஓவை (சிடியின் நகலான ஃபைல்) மாட்டி, கழற்ற மறந்திருக்கிறார்! அந்த டிஸ்க் பக்கத்து சர்வருக்கு எட்டாது, அதனால் விஎம் நகரவில்லை. கழற்றியதும் ஓடியது.

அப்டேட் சொதப்பினால், பூட் ஆகும்போது கீபோர்டில் ஷிஃப்ட் கீயையும் R கீயையும் சேர்த்து அழுத்தினால் முந்தைய பதிப்புக்குத் திரும்பலாம். விஎம்களுக்குள் இருக்கும் விஎம்வேர் டூல்ஸ் மென்பொருளைக் கடைசியில் அப்டேட் செய்தால் போதும்.

இன்னொன்று: நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஐப்பசி இரவில் இதைத் தொடுவதாக இருந்தால், யுபிஎஸ் பேட்டரி எத்தனை நிமிடம் தாங்கும் என்று அன்று மாலையே சோதித்துவிடுங்கள்.