மொக்கை, செம, பேஜார் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள அக்கா,

வணக்கம். வியாசர்பாடியில் எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடி அறையில் மாலை நேரத்தில் ட்யூஷன் எடுக்கிறேன். எட்டாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை பதினேழு பிள்ளைகள். இந்தக் கோடை விடுமுறையில் பாடம் வேண்டாம், ஆளுக்கொரு புத்தகம் படிக்கலாம் என்று ஆரம்பித்தேன். கிளை நூலகத்தில் என் கார்டிலும் அம்மா கார்டிலும் எடுத்தது, தோழிகள் கொடுத்தது என்று கொஞ்சம் புத்தகம் சேர்ந்தது. படித்தவர்கள் கருத்து எழுத ஒரு நீள நோட்டும் வைத்தேன். வந்திருப்பதில் சிலவற்றை அப்படியே தருகிறேன்.

பொன்னியின் செல்வன்: "அஞ்சு பாகம், முழுசா ஒரு மாசம். ஆதித்த கரிகாலன யார் கொன்னாங்கன்னு கடைசி வரைக்கும் ஒழுங்கா சொல்லல. அப்ப எதுக்கு இவ்ளோ பக்கம்? ஆனா வந்தியத்தேவன் செம." (பத்தாம் வகுப்பு, பெண்)

ஆன் ஃபிராங்கின் டைரி: "அவங்க அம்மாவ திட்ற எடம்லாம் நானே எழுதின மாதிரி இருக்கு. ஆகஸ்ட் 1ன்னு போட்டு எழுதியிருக்கா. அடுத்த பக்கம் திருப்பினா எதுவும் இல்ல. டக்குனு நின்னுடுச்சு. கடுப்பாயிட்டேன்." (ஒன்பதாம் வகுப்பு, பெண்)

அக்னிச் சிறகுகள்: "பேப்பர் கட்டு புடிக்கிற எடம் மாஸ். அப்புறம் ராக்கெட் பேரா வருது, பேஜாரு. ஒன்பதாவதா வந்த எடத்த மட்டும் ரெண்டு தடவ படிச்சேன்." (பதினொன்றாம் வகுப்பு, பையன். எப்போதும் பந்தும் காலுமாக இருப்பவன். போன மாதம் டீம் செலக்‌ஷனில் பெயர் வராததிலிருந்து யாரோடும் சரியாகப் பேசுவதில்லை.)

கருக்கு: "கதையே இல்ல. எங்க ஆயா பேசுற மாதிரி எழுதியிருக்காங்க. புக்ல இப்படி எழுதலாமா? இது நிஜமா? மூடி வச்சப்புறமும் தூக்கம் வரல." (பன்னிரண்டாம் வகுப்பு, பெண்)

இன்னொரு நாவலுக்கு ஒரே சொல்: "மொக்க."

தமிழாசிரியையாக இருக்கும் தோழி ஒருத்தி நோட்டைப் பார்த்துவிட்டு, இதுவா விமர்சனம், ஒழுங்கான தமிழிலாவது எழுதச் சொல் என்றாள். நூலின் கரு, பாத்திரப் படைப்பு, நடை, என் கருத்து என்று நான்கு தலைப்பு கொடுத்து எழுத வைக்கலாமா? திருத்தினால் படிப்பதையே விட்டுவிடுவார்களோ என்றும் பயமாக இருக்கிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஒரு வாசகி, வியாசர்பாடி

அன்புள்ள தங்கைக்கு,

பிள்ளைகள் எழுதிய வரிகளை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். நோட்டைத் திருத்தாதீர்கள். நான்கு தலைப்பும் வேண்டாம்.

அந்த இரண்டு பெண்களின் கோபத்தைப் பாருங்கள். ஒருத்திக்குக் கொன்றது யார் என்று சொல்லாததில் கோபம். இன்னொருத்திக்கு டைரி பாதியில் நின்றதில் கோபம். மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டு பேரும் முடிவு சரியில்லை என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் கல்கி நினைத்திருந்தால் சொல்லியிருக்கலாம், வேண்டாம் என்று விட்டார். கதை சட்டென்று முடிந்துவிட்டதே என்று அன்றைய வாசகர்களும் குறைப்பட்டார்கள். அவர்களுக்குப் பதிலாக அவர் ஒரு முடிவுரையே எழுதினார். எழுபது ஆண்டுக்கு முன்னால் பட்ட அந்தக் கோபத்தை உங்கள் மொட்டை மாடியில் ஒரு பெண் புதிதாகப் பட்டிருக்கிறாள். அவளிடம் அந்த முடிவுரையைக் கொடுங்கள். சமாதானம் ஆகிறாளா, இன்னும் கோபப்படுகிறாளா என்று எனக்குத் தெரிய வேண்டும்.

ஆன் ஃபிராங்குக்கு அப்படி ஒரு வாய்ப்பே இல்லை. 1944 ஆகஸ்ட் 1 அன்று எழுதினாள். யூதக் குடும்பம், ஒளிந்திருந்தார்கள். 4ஆம் தேதி நாஜிப் போலீஸ் வந்து பிடித்துக்கொண்டு போய்விட்டது. அடுத்த ஆண்டு முகாமில் இறந்தபோது அவளுக்குப் பதினைந்து வயது. நம் ஊரிலும் இப்படி ஒன்று உண்டு. உ.வே.சா. 1940இல் ஆனந்த விகடனில் 'என் சரித்திரம்' எழுதத் தொடங்கினார். 1942 ஏப்ரலில் அவர் இறந்ததும் 122 அத்தியாயத்தோடு அது நின்றுபோனது. அதற்கு ஒன்றரை மாதம் கழித்து, ஜூன் 12 அன்று, ஆம்ஸ்டர்டாமில் ஒரு பெண்ணின் பதின்மூன்றாவது பிறந்தநாளுக்கு அந்த டைரி கிடைத்தது. எண்பத்தேழு வயதுப் பெரியவருக்கும் சரி, அந்தச் சிறுமிக்கும் சரி, எங்கே நிறுத்துவது என்று தீர்மானிக்கும் உரிமை இருக்கவில்லை. இரண்டு பெண்களையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்து, உன் புத்தகம் ஏன் அங்கே முடிந்தது, உன்னுடையது ஏன் அங்கே முடிந்தது என்று ஒருவரையொருவர் கேட்க விடுங்கள். நாவல் என்றால் என்ன, தன்வரலாறு என்றால் என்ன என்று நீங்கள் தனியாகப் பாடம் எடுக்க வேண்டியிருக்காது.

நான் படித்த பள்ளியிலும் 'நான் விரும்பும் நூல்' என்று கட்டுரை எழுத வைத்தார்கள். "இந்நூல் படிப்போர் உள்ளத்தைக் கொள்ளை கொள்ளும் வகையில் அமைந்துள்ளது" என்று தொடங்க வேண்டும். ஒரு முறை, எனக்கு நடுவில் அலுப்பாக இருந்தது என்று ஒரு வரி சேர்த்தேன். சிவப்பு மையில் அடித்துவிட்டு, பெரியவர்கள் எழுதியதைக் குறை சொல்ல நீ யார் என்று வகுப்பிலேயே கேட்டார்கள். அதற்கப்புறம் அந்தக் கட்டுரையில் நான் உண்மையே எழுதவில்லை. எல்லாப் புத்தகமும் என் உள்ளத்தைக் கொள்ளை கொண்டன. மதிப்பெண்ணும் வந்தது. உங்கள் தோழிமேல் எனக்கு வருத்தம் இல்லை, அவர் பிள்ளைகளின் நன்மைக்காகத்தான் சொல்கிறார். ஆனால் ஒழுங்கான தமிழ் கேட்டால், ஒழுங்கான தமிழில் பொய் சொல்லக் கற்றுக்கொள்வார்கள். எனக்கு நடந்தது அதுதான்.

அந்த நாட்களில் நான் நிஜமாகக் கருத்து எழுதிய இடம் வேறு. தண்டையார்பேட்டையில் எங்கள் தெரு முனையில் ஒரு வாடகை நூலகம் இருந்தது. ஒரு ஆள் உட்காரும் அளவு கடை, மூன்று பக்கமும் அட்டை போட்டுத் தைத்த நாவல்கள். கடைக்காரர் எவ்வளவு திட்டினாலும் கடைசிப் பக்கத்தில் யாராவது எழுதிவிடுவார்கள். "சூப்பர்", "நேரம் வீண்", "அழுதுவிட்டேன்", "கடைசி அத்தியாயத்தை முதலில் படிக்காதே". பதினைந்து வயதில் நானும் பென்சிலில் ஒரு வரி எழுதினேன்: "இவள் அவனை விட்டுப் போயிருக்க வேண்டும்." சில மாதம் கழித்து அதே நாவலை மறுபடி எடுத்தபோது, என் வரிக்குக் கீழே நீல மையில், கொஞ்சம் கோணலான எழுத்தில், "எங்கே போவாள்?" என்று இருந்தது. மாவு மில்லில் வேலை பார்க்கும் அக்காவா, எதிர்வீட்டு மாமியா, யார் என்று இன்றுவரை தெரியாது. அந்த நாவலை அன்று இரவே மறுபடி படித்தேன். அவளுக்கு அப்பா வீடு இல்லை, கையில் காசு இல்லை, சம்பளம் வரும் வேலை இல்லை என்பதெல்லாம் முதல் முறை என் கண்ணில் படவே இல்லை.

அதனால் உங்களிடம் கேட்டுக்கொள்வது இரண்டே காரியம். பிள்ளைகள் எழுதும் ஒவ்வொரு கருத்துக்குக் கீழேயும் அரைப் பக்கம் காலியாக விடுங்கள். மற்ற பிள்ளைகள் எழுதட்டும், அவர்களே ஆறு மாதம் கழித்து வந்தும் எழுதட்டும். ஆன் ஃபிராங்க் செய்தது இதுதான். 1944 ஜனவரி 2 அன்று, பழைய பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன், அம்மாவைப் பற்றி இவ்வளவு கோபமாக எழுதியது நானா என்று வெட்கப்பட்டு எழுதியிருக்கிறாள். பழையதைக் கிழித்துப் போடவில்லை. அந்த வருடம் மார்ச்சில், போர்க்கால டைரிகளைப் பத்திரப்படுத்துங்கள் என்று வானொலியில் கேட்டபிறகு, முழுவதையும் புத்தகமாக்க நினைத்துத் திருத்தி எழுதவும் ஆரம்பித்தாள். அம்மாவைத் திட்டும் இடம் தன்னுடையது போலவே இருக்கிறது என்று எழுதிய உங்கள் மாணவியிடம் அந்த ஜனவரிப் பக்கத்தை எடுத்துக் காட்டுங்கள். எதுவும் சொல்ல வேண்டாம், பக்கத்தைக் காட்டினால் போதும்.

இரண்டாவது காரியம், ஏன் என்று கேட்காதீர்கள். ஏன் மொக்கை, ஏன் செம என்று கேட்டால் பிள்ளைகள் வாயை மூடிக்கொள்வார்கள், இல்லாவிட்டால் நமக்குப் பிடித்த பதிலைத் தேடுவார்கள். எந்தப் பக்கத்தில் என்று கேளுங்கள். "மொக்க" என்று எழுதிய பிள்ளையிடம் எந்தப் பக்கத்தில் மூடி வைத்தாய் என்று கேட்டால், எடுத்துக்கொண்டு வந்து காட்டும். அங்கே நாலு பக்க வர்ணனை இருக்கலாம், ஒரே வீட்டில் பன்னிரண்டு பெயர் இருக்கலாம், அந்தப் பிள்ளைக்கு வேண்டாத ஏதோ ஒரு ஞாபகம் இருக்கலாம். முடிக்காமல் விட்டதில் தப்பே இல்லை. படத்தைப் பார்த்துவிட்டோ யூட்யூபில் கதை கேட்டுவிட்டோ படித்ததாக எழுதினால் மட்டும் கண்டிப்பாக இருங்கள். அவர்களால் பக்கம் காட்ட முடியாது.

இந்தக் கேள்விக்குப் பந்தாடும் அந்தப் பையன் கேட்காமலேயே பதில் எழுதிவிட்டான், நீங்கள் கவனித்தீர்களா? கலாம் விமானப்படையில் சேர டேராடூன் போகிறார். 25 பேரில் ஒன்பதாவதாக வருகிறார். எடுத்துக்கொண்டது எட்டுப் பேரை. அதன்பிறகு ரிஷிகேஷுக்குப் போகிறார். புத்தகத்தில் அது சின்ன இடம். ராக்கெட் பகுதியை எல்லாம் தாண்டிப்போன பையன் அந்த இடத்தை மட்டும் இரண்டு தடவை படித்திருக்கிறான். போன மாதம் அவன் பெயர் வரவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து இதை அவனிடம் போய்க் கேட்டுவிடாதீர்கள். அவன் பேசும்போது பேசட்டும்.

'பேஜார்' என்ற சொல்லையும் அடிக்க வேண்டாம். அது பாரசீகச் சொல், உருது வழியாக நம் பேட்டைக்கு வந்தது. சலித்துப்போனது, வெறுத்துப்போனது என்று அர்த்தம். பையன் அதைச் சரியான இடத்தில்தான் போட்டிருக்கிறான். நம் பக்கத்துப் பேச்சைச் சினிமாவில் அடியாளுக்கும் காமெடிக்கும் கொடுத்துக் கொடுத்து, நம் பிள்ளைகளே புத்தகம் என்றால் வேறு பாஷை என்று நினைக்கிறார்கள்.

'கருக்கு' படித்த பெண் கேட்டிருப்பதும் அதைத்தான். ஆயா பேசுகிற மாதிரி எழுதலாமா என்று. 1992இல் பாமா, தலித் பெண்ணாகத் தான் வாழ்ந்ததை அப்படித்தான் எழுதினார், தன் ஊர்ப் பேச்சிலேயே. எழுதலாம் என்று அவளிடம் சொல்லுங்கள். கதையே இல்லை என்று அவள் சொல்வதும் சரிதான். முதலிலிருந்து கடைசிவரை வரிசையாகப் போகிற புத்தகம் இல்லை அது, நினைவு வருகிறபடி போகும். தூக்கம் வராமல் செய்தது எந்தப் பக்கம் என்று கேட்டுப் பாருங்கள். எனக்கு, தெருப் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைக் கை படாமல், கட்டிய கயிற்றைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகும் இடம். பார்க்கும் சிறுமிக்கு அது வேடிக்கையாக இருக்கிறது. வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டே சொல்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை. காரணத்தைச் சொல்கிறான். நிஜமா என்று உங்கள் மாணவி கேட்கிறாள். ஆமாம், நிஜம். இந்தக் கேள்வியை ஆயாவிடமும் கேட்கச் சொல்லுங்கள். ஆயாவுக்குத் தெரிந்த பொட்டலங்கள் இருக்கும்.

அவளுக்கு அடுத்து கே.ஏ. குணசேகரனின் 'வடு' கொடுக்கலாம், மெல்லிய புத்தகம். பந்தாடும் பையனுக்குப் பெருமாள்முருகனின் 'கூளமாதாரி'. ஆடு மேய்க்கும் பிள்ளைகளின் நாவல், கதை நடப்பது கொங்குப் பக்கம், பேச்சும் அந்தப் பக்கத்துப் பேச்சு. இரண்டும் என்னிடம் கூடுதல் பிரதி இருக்கிறது. முகவரியைத் தனி மின்னஞ்சலில் எழுதுங்கள், வரும் வாரம் தபாலில் போடுகிறேன். பிள்ளைகள் எல்லோருக்கும் கிளை நூலகத்தில் அவரவர் பெயரில் கார்டு வாங்கிக் கொடுத்துவிடுங்கள், அம்மா கார்டு எத்தனை நாளைக்குத் தாங்கும்? 'வடு'வில் ஒரு பக்கத்தில் என் பென்சில் குறிப்பு இருக்கும். அழிக்காமல் அப்படியே அனுப்புகிறேன்.

அன்புடன்,
அக்கா